தம்பி கல்யாணத்துக்கு நானே மேக்கப் போட்டுக்கணும்: முகம் சாம்பல் பூக்காம இருக்க வழி சொல்லுங்க

பாளை செம்பருத்தி கேட்டது:

வணக்கம் தோழிகளே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 34. பாளையங்கோட்டையில ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுற வேலை. ரெண்டு பிள்ளைங்க. வர்ற ஆவணியில தம்பிக்குக் கல்யாணம். பொண்ணு வீடு தூத்துக்குடி, மண்டபமும் அங்கதான். முகூர்த்தம் காலையில 6-ல இருந்து 7.30 வரைக்கும். எங்க வீட்டு வழக்கப்படி தாலியில முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மிச்சம் ரெண்டும் நாத்தனார் போடணும். அவனுக்கு நான் ஒரே அக்கா. பொண்ணு பின்னாடி விளக்கைப் பிடிச்சுட்டு நிக்கிறதும் நான்தான், அப்புறம் குனிஞ்சு முடிச்சு போடுறதும் நான்தான். அந்த நேரத்து போட்டோ, வீடியோ எல்லாத்துலயும் அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல என் முகம் இருக்கும்.

போன வருஷம் சித்தி பொண்ணு வளைகாப்புக்கு ஒரு பார்லர்ல 4,500 ரூபாய் கொடுத்துப் போட்டுக்கிட்டேன். அங்க கண்ணாடியில பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, என்ன, காய்ச்சல்காரி மாதிரில்லா இருக்கே?" போட்டோ வந்தப்ப பாத்தா முகம் சாம்பல் பூத்து, கழுத்து தனியா, காது தனியா. அந்த ஆல்பத்துல நான் இருக்கிற பக்கம் வந்தா வேகமா புரட்டிடுவேன். எனக்கு அது ரொம்ப வருத்தம். என் தம்பி கல்யாணப் போட்டோவையும் அப்படிப் புரட்டுற நிலைமை வரக்கூடாது.

அதனால இந்தத் தடவை நானே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். மாநிறத்துக்கும் கொஞ்சம் கூட என் நிறம். மூக்கும் நெத்தியும் எண்ணெய் வடியும். ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் ரெண்டு கன்னத்துலயும் மங்கு விழுந்திருக்கு. கருவளையம் காலேஜ் படிக்கும்போதுல இருந்தே உண்டு. கையில இருக்கிறது பாண்ட்ஸ் பவுடர், ஐடெக்ஸ் மை, ஒரு மெரூன் லிப்ஸ்டிக், நிறம் ஒத்துவராத ஒரு காம்பாக்ட். 3,000 ரூபாய் வரைக்கும் செலவு பண்ணலாம். அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. இன்னும் 45 நாள் இருக்கு. பழகிக்க அது போதுமா? எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

நெல்லிக்கனி:

போதும்ப்பா, தாராளமா பழகிடலாம். நான் வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். முகம் முழுக்கப் பூசுற ஃபவுண்டேஷன் வாங்கும்போது உங்க நிறத்துல இருந்து ஒரு ஷேட் கூடுதலா வெளுப்பா எடுங்க, அப்பதான் போட்டோவுல பளிச்சுனு தெரியும். ப்ரைமர், ஃபவுண்டேஷன், கன்சீலர், காம்பாக்ட், ஹைலைட்டர் எல்லாம் செட்டாவே கிடைக்குது. அதை வாங்கிட்டா வேலை சுலபம்.

மரிக்கொழுந்து, மதுரை:

செம்பருத்தி தங்கச்சி, 45 நாள் தாராளம். நெல்லிக்கனி நல்ல மனசோட சொல்லியிருக்காங்க, ஆனா அந்த 'ஒரு ஷேட் வெளுப்பு' மட்டும் வேண்டாம்மா. வளைகாப்புல உன் முகம் கெட்டதே அதனாலதான்.

நான் 12 வருஷமா மதுரையில மணப்பெண் அலங்காரம் செய்றேன். தொழில் கத்துக்கிட்டது எங்க பெரியப்பாகிட்ட. அவர் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒப்பனை போட்டவர். திருவிழா சீசன்ல ராத்திரி 9 மணிக்குப் பெட்டியைத் திறந்தா ராஜா, ராணி, பபூன்னு வரிசையா உக்காருவாங்க. அரிதாரம்னு நாடகக்காரங்க சொல்றது முதல்ல ஒரு மஞ்சள் கல்லோட பேரு, ஆர்சனிக் உள்ள கல். பெரியப்பா காலத்துல அந்தக் கல் போயி ட்யூப்பும் குச்சியும் வந்தாச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு. அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "பாக்கிறவன் எத்தனை அடி தூரத்துல உக்காந்திருக்கான்னு கேட்டுட்டு விரலை வை." நாடகத்துக்கு 40 அடி. மணமேடையில உன்னைப் பாக்கிறது 3 அடியில நிக்கிற சொந்தக்காரங்களும் கேமராவும். 40 அடிக்குப் போடுற பூச்சை 3 அடிக்குப் போட்டா யார் முகமும் முகமூடிதான்.

இப்ப சாம்பல் ஏன் பூக்குதுன்னு சொல்றேன். கருப்பு மண்சட்டியில தண்ணிப்பால் கொஞ்சம் ஊத்திப் பாரு, ஓரத்துல நீலம் தட்டும். பால் வெள்ளைதான், அடியில கருப்பு இருக்கிறதால அப்படித் தெரியுது. வெளுப்பான ஃபவுண்டேஷன்ல டைட்டானியம் டையாக்சைடுங்கிற வெள்ளை நிறையச் சேர்த்திருப்பாங்க. நம்ம தோல் மேல அது மெல்லிசாப் படர்ந்தா அதே கதைதான். நம்ம நிறத்துல மஞ்சளும் செம்மையும் இருக்கு, அந்த உயிர் பூச்சுலயும் இருக்கணும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல கடையில 5, 6 ஷேட்தான் இருக்கும், எல்லாமே வெளுப்பு. கருப்பான பொண்ணு வந்து உக்காந்தா நாடகப் பெட்டியில இருந்து பழுப்புக் குச்சியை எடுத்துக் கலந்து போடுவேன். 2017-ல பாடகி ரிஹானா ஃபென்ட்டினு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு ஒரே ஃபவுண்டேஷனை 40 ஷேட்ல கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் மத்த கம்பெனிக்காரங்களும் அடர்நிறப் பக்கம் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாங்க. இன்னைக்கு உன் நிறம் கடையில இருக்கு. கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். கடைப்பொண்ணு 'இது உங்களுக்கு டார்க்கா இருக்கும்'னு ஒரு டப்பாவை உள்ள தள்ளினா, அதைத்தான் முதல்ல திறந்து பாக்கணும்.

வாங்கப் போற அன்னைக்கு முகத்துல பவுடர்கூட இல்லாம, பகல் 11 மணி வாக்குல போ. புறங்கையில தடவிப் பாக்காத, கை நிறம் வேற, முகம் வேற. தாடையும் கழுத்தும் சேருற இடத்துல மூணு ஷேட்டை மூணு கோடா இழு. கடை லைட்டை நம்பாம வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல, நிழல்ல நின்னு செல்போன்ல ஒரு போட்டோ எடு. அப்புறம் 15 நிமிஷம் கடைத்தெருவுல சுத்து. எண்ணெய்த் தோல்ல சில ஃபவுண்டேஷன் காத்துப் பட்டதும் ஒரு படி கருத்துடும். 15 நிமிஷம் கழிச்சு எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமப் போச்சோ அதுதான் உன்னோடது. மங்கு இருக்கிற கன்னத்துக்குப் பொருத்தம் பாக்காத, கழுத்துக்குப் பாரு. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பாக்கச் சொல்ற வித்தை நம்ம நிறத்துக்குப் பெரும்பாலும் உதவாது, நரம்பே சரியாத் தெரியாது.

உன் 3,000-ல பெரும்பங்கு ஃபவுண்டேஷனுக்குப் போகட்டும். அடுத்து கருமையை அடக்குற ஆரஞ்சு கரெக்டர் ஒண்ணு, உன் நிறத்துக்கு ஏத்த லூஸ் பவுடர், ஒரு ஸ்பாஞ்ச், தண்ணியில கலையாத மை, செங்கல் நிற ப்ளஷ். செட் வாங்காத. அதுல பாதி உனக்குத் தேவைப்படாது, ஷேட்டும் உனக்குப் பாத்துப் போட்டதா இருக்காது. மெரூன் லிப்ஸ்டிக் இருக்கு, அரக்குப் பட்டுக்கு அதுவே பொருந்தும். ப்ளஷ் ரோஸ் கலர்ல வாங்கிடாத, மறுபடி சாம்பல்தான். டப்பாவுல பாக்கும்போது 'ஐயோ இவ்வளவு சிவப்பா'னு பயமா இருக்கிற ப்ளஷ்தான் நம்ம கன்னத்துல ரத்தம் ஓடுற மாதிரி உக்காரும்.

போடுற முறை. குளிச்சு, தலை வாரி, ரவிக்கையும் பாவாடையும் போட்டுட்டு மேல ஒரு பழைய சட்டையை மாட்டிக்கிட்டு உக்காரு. புடவை, பூ, நகை எல்லாம் அப்புறம். மாய்ஸ்சரைசர் மெல்லிசாத் தடவி 10 நிமிஷம் விட்டுடணும். இந்த 10 நிமிஷத்தை யாரும் மதிக்கிறதில்லை. ஈரம் காயறதுக்குள்ள அடுத்ததைப் பூசினா எல்லாம் உருண்டு உருண்டு வரும். ஃபவுண்டேஷனுக்கு அடியில பூசுற ப்ரைமர் போடணும்னா மூக்கைச் சுத்தி மட்டும் போதும். டப்பா பின்னாடி முதல் நாலஞ்சு பேர்ல 'கோன்'னு முடியுற பேர் இருந்தா அது சிலிக்கோன் வகை. ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒரே வகையா இருந்தா சண்டை போடாது.

அடுத்து ஆரஞ்சு கரெக்டர். கருவளையம் நீலம் கலந்த கருப்பு, நீலத்தை அடக்குறது ஆரஞ்சு. அரிசி அளவு எடு. ரெண்டு அரிசி ரெண்டு கண்ணுக்கு, இன்னும் ரெண்டு மங்குக்கு. மோதிர விரலால தட்டித் தட்டி வை, இழுக்காத. மங்கு முழுக்க மறைஞ்சே ஆகணும்னு மேல மேல அப்பாத. முக்கால்வாசி மறைஞ்சா 3 அடிக்கு அது தெரியாது. முழுசா மறைச்சா பூச்சுதான் தெரியும்.

ஃபவுண்டேஷன் முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. ஸ்பாஞ்சைத் தண்ணியில நனைச்சு, துண்டுல சுத்தி நல்லாப் பிழிஞ்சுட்டு, ஒத்தி ஒத்தி எடு. கன்னத்து நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகப் போக ஸ்பாஞ்சுல மிச்சம் இருக்கிறதே போதும். அந்தக் கடைசி மிச்சத்தைக் காது மடலுக்கும் கழுத்துக்கும் ஒத்து. பின்னல் போட்டு காதுல ஜிமிக்கி மாட்டினா காது முழுசாத் தெரியும், காதை மறக்கவே கூடாது. உன் வளைகாப்பு போட்டோவுல 'காது தனியா'னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சப்ப போட்டவங்க எங்க நிறுத்தினாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது.

பவுடரைத் தேய்க்காம மூக்கு, நெத்தி, கண்ணுக்கு அடியில மட்டும் அழுத்தி வை. சுத்த வெள்ளையா இருக்கிற பவுடர்ல சிலிக்கா இருந்தா ஃபிளாஷ் பட்டதும் அந்த இடம் வெள்ளையாத் திட்டாகும். அதனாலதான் நிறம் உள்ள பவுடர்னு சொன்னேன். பாண்ட்ஸ் பவுடரை அன்னைக்கு முகத்துக்குக் கொண்டு போகாத, கழுத்துக்குப் பின்னாடி போட்டுக்கோ.

ஹைலைட்டர் வேண்டாம். நீ கையில விளக்கைப் பிடிச்சுட்டு நிக்கப் போறே. மஞ்சள் வெளிச்சம் கீழ இருந்து மேல வரும், சூடும் வரும். அந்த வெளிச்சமே முகத்துக்குப் பளபளப்பு கொடுக்கும். மேல இன்னொரு மினுக்கு சேர்த்தா வியர்த்த மாதிரி விழும்.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுடாத. மூணு தடவை ஒத்திகை பாரு. முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். மூணாவது தடவை 45 நிமிஷத்துல முடியணும். ஒவ்வொரு தடவையும் 6 அடி தள்ளி நின்னு ஃபிளாஷோட ஒண்ணு, ஃபிளாஷ் இல்லாம ஒண்ணு போட்டோ எடு. போட்டுட்டு சும்மா உக்காராம அடுப்படியில போய் ஒரு மணி நேரம் வேலை பாரு, தூத்துக்குடி புழுக்கத்துக்கு அதுதான் பரீட்சை.

வெண்தாமரை:

மரிக்கொழுந்து அக்கா சொன்னதுக்கு மேல மேக்கப்புல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் திருச்சியில தோல் சிகிச்சைப் பிரிவுல நர்ஸ். மங்குன்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

45 நாள்ல மங்கை எடுத்துடலாம்னு சொல்லி யாராவது க்ரீம் கொடுத்தா வாங்காதீங்க. மெடிக்கல்ல கேட்டதும் எடுத்துத் தர்ற பல கலவை க்ரீம்கள்ல ஸ்டீராய்டு இருக்கும். முதல் ரெண்டு வாரம் முகம் வெளுத்து அழகாத் தெரியும், அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வெடிக்கும். நிறுத்தினா மங்கு இன்னும் கருப்பா வரும். 2018-ல இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு அரசு கொண்டு வந்தது. இருந்தும் கல்யாண சீசன்ல எங்க வார்டுக்கு இப்படி வர்றவங்க குறையல. மனசு கஷ்டமா இருக்கும். ஒரு தோல் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் தினமும் காலையில சன்ஸ்க்ரீன். மங்குக்கு நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது. அதுல இருக்கிற இரும்பு ஆக்சைடு, புற ஊதாக் கதிரோட சேர்த்து சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும்.

புதுசா வாங்குற எதையும் காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி 2 நாள் பாத்துட்டு முகத்துக்குக் கொண்டு போங்க. ஃபேஷியல், ப்ளீச் எல்லாம் கல்யாணத்துக்கு முந்தின 10 நாளுக்குள்ள வேண்டாம். புருவம் திருத்துறதை 3 நாள் முன்னாடியே முடிச்சிடுங்க. மருதாணிக்கு அரைச்ச இலை, இல்லைன்னா வீட்டுல பிசைஞ்ச பொடி. சட்டுனு கருப்பாப் பிடிக்கிற கோன்ல தலைச்சாயத்துல சேர்க்கிற பாரா ஃபீனைலீன் டைஅமீன் இருக்கும், கையில டிசைன் போட்ட மாதிரியே கொப்புளம் வந்து நிக்கிறவங்களைப் பாத்திருக்கேன்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்துல அரிப்போ வெள்ளையோ தெரிஞ்சா உடனே நிறுத்திடுங்க. சில பசையில இருக்கிற ஒரு ரசாயனம் அந்த இடத்து நிறத்தையே எடுத்துடும், திரும்ப வர்றதுக்கு மாசக்கணக்காகலாம், சிலருக்கு வராமலும் போகலாம். மையும் மஸ்காராவும் யார்கிட்டயும் இரவல் வாங்காதீங்க, கொடுக்காதீங்க. கல்யாண வீட்டு ரூம்ல ஒரே மை குச்சி 10 கண்ணுக்குப் போறதைப் பாத்திருக்கேன், மூணாம் நாள் மொத்தக் குடும்பத்துக்கும் கண்வலி.

பாளை செம்பருத்தி:

மரிக்கொழுந்து அக்கா, வெண்தாமரை, நெல்லிக்கனி மூணு பேருக்கும் மனசார நன்றி. அக்கா, 'போட்டவங்க எங்க நிறுத்தினாங்கன்னு தெரிஞ்சுது'னு எழுதினீங்களே, படிச்சதும் அழுகை வந்துருச்சு. இத்தனை நாளா என் நிறம்தான் மேக்கப்புக்கு ஒத்துவரலன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

நேத்து திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை போயி நீங்க சொன்ன மாதிரியே மூணு கோடு இழுத்துப் பாத்தேன். கடையில எனக்கு எடுத்துக் கொடுத்த ஷேட்டுக்கும், வெயில்ல மறைஞ்ச ஷேட்டுக்கும் நடுவுல ரெண்டு டப்பா வித்தியாசம்!

இன்னும் மூணு சந்தேகம். ஹோமப் புகையில என் கண்ணு குடம் குடமா ஊத்தும். தாலி கட்டும்போது எப்படியும் அழுதுடுவேன், அதுவும் உண்டு. மை என்ன ஆகும்? ரெண்டாவது, முந்தின நாள் ராத்திரியே மண்டபத்துக்குப் போயிடுவோம். ரூமுக்கு 12 பேர், ஒரு ட்யூப்லைட், ஒரு கண்ணாடி. மூணாவது, அம்மாவுக்கு 61 வயசு, அவங்களுக்கும் லேசாப் போட்டு விடலாமா? வேண்டாம்பாங்க, ஆனா நான் ஒத்திகை பாக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்துக்கிறாங்க.

மரிக்கொழுந்து, மதுரை:

பக்கத்துல வந்து உக்காந்தா ஆசை இருக்குன்னு அர்த்தம். கட்டாயம் போட்டு விடு.

அம்மாவுக்குப் பவுடர் பக்கமே போகாத. 60 வயசுத் தோல்ல பவுடர் போட்டா ஒவ்வொரு சுருக்கத்துலயும் போயி உக்காந்து கோடு கோடாக் காட்டும். மாய்ஸ்சரைசரை நல்லாத் தடவி, கண்ணுக்கு அடியில மட்டும் கரெக்டர் அரை அரிசி, ஃபவுண்டேஷனை உள்ளங்கையில மாய்ஸ்சரைசரோட கலந்து மிளகு அளவு. அவங்க நிறம் உன்னோடதா இல்லைன்னா அதுவும் வேண்டாம், கரெக்டரோட நிறுத்து. உதட்டுல உன் மெரூனை விரல் நுனியால ஒத்தி விடு. புருவத்துல நரை இருந்தா பழுப்பு நிற ஐஷேடோவை மெல்லிசாத் தொட்டு விடு. முகத்துக்கு 10 வயசு திரும்புறது அங்கதான்.

கண்ணு. கீழ் இமை உள்பக்கம் மை வேண்டாம், அது கண்ணீர் போற வாய்க்கால். மேல் இமையில முடி முளைக்கிற வேரோட ஒட்டி, தண்ணியில கலையாத மையால கோடு இழு. அது காயுறதுக்குள்ள அதே கருப்புல ஐஷேடோ பொடி கொஞ்சம் எடுத்து மேல அழுத்திடு, பூட்டு போட்ட மாதிரி. கீழ முடிக்கு வெளிய பழுப்புப் பொடி மட்டும் லேசா. கண்ணு பெருசாவும் தெரியும், கரையவும் செய்யாது. அழுகை வந்தா துடைக்கக்கூடாது. டிஷ்யூவை முக்கோணமா மடிச்சு இடுப்புல செருகி வை. தலையைக் குனிஞ்சு, அதோட கூர் முனையைக் கண்ணோரத்துல வச்சா கண்ணீரை அதுவே உறிஞ்சிக்கும், கன்னத்துக்கு இறங்காது. மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்கிறவங்க உன் மேலயும் தெளிப்பாங்க, அதுக்கும் இதே ஒத்தல்தான். வேர்வைக்கும் முதல்ல டிஷ்யூ, அப்புறம் பவுடர். ஈரத்து மேல பவுடர் போட்டா களி ஆயிடும்.

ரூம் விஷயம். வெளிச்சத்தைக் கையோட கொண்டு போ. 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு, ஹோல்டர் வச்ச ஒயர் ஒண்ணு, ஒரு சின்ன ஸ்டாண்டு கண்ணாடி. தலைக்கு மேல எரியுற ட்யூப்லைட் கண்ணுக்கு அடியில நிழல் போடும், நீயும் கருவளையம்னு நினைச்சு இன்னும் பூசுவே. பல்பு உன் முகத்துக்கு நேரா, கண் மட்டத்துல இருக்கணும். எல்லாரும் 4 மணிக்கு எழுந்திரிப்பாங்க, நீ 3.15-க்கு எழுந்திரி. ஃபேனுக்குக் கீழ உக்காரு.

இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. முந்தின நாள் நலுங்குல மஞ்சள் பூசுவாங்க, உனக்கும் ரெண்டு பேர் கன்னத்துல அப்பிடுவாங்க. ராத்திரியே தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ஊற வச்சு, பாசிப்பயறு மாவு போட்டுக் கழுவிடு. மஞ்சள் ஏறின முகத்துக்கு மேல உன் ஷேட் வேற நிறமாத் தெரியும், 45 நாள் பாத்த பொருத்தம் வீணாயிடும்.

நெல்லிக்கனி:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு என் பழைய போட்டோ எல்லாம் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் கழுத்து தனியாத்தான் இருக்கு. நானும் கடைக்குப் போறேன். செம்பருத்தி, கல்யாணம் முடிஞ்சதும் வந்து எழுதுங்க, காத்திருப்பேன்.

பாளை செம்பருத்தி:

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது தோழிகளே. மறுவீடு, விருந்துன்னு ஓடி இன்னைக்குத்தான் உக்கார நேரம் கிடைச்சுது.

ஒத்திகை நாலு பாத்தேன். முதல் தடவை ஒரு மணி 40 நிமிஷம், கன்னம் ரெண்டும் திட்டுத்திட்டா. ஸ்பாஞ்சைச் சரியாப் பிழியல, அதான். ரெண்டாவது தடவை மங்கை முழுக்க மறைக்கணும்னு அப்பிட்டேன். ஃபிளாஷ் போட்டோவுல கன்னத்துல ஆரஞ்சு தெரிஞ்சுது, அக்கா சொன்ன முக்கால்வாசிக் கணக்கு அப்பதான் புரிஞ்சுது. நாலாவது தடவை 50 நிமிஷம். அன்னைக்குப் போட்டுட்டு அடுப்படியில ரெண்டு மணி நேரம் முறுக்கு சுட்டேன். மூக்கு நுனியில மட்டும் கொஞ்சம் விலகுச்சு.

கல்யாணத்தன்னைக்கு 3 மணிக்கே முழிப்பு வந்துருச்சு. பல்பை ஜன்னல் கம்பியில கட்டி, எதிர்ல கண்ணாடியை வச்சு உக்காந்தேன். பாதியிலேயே அத்தை ரெண்டு பேர் எழுந்து வந்து பாத்தாங்க. "என்ன இது, கருப்பாப் பூசுறே?"ன்னு பெரியத்தை கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல, காது மடல் வரைக்கும் ஒத்தி முடிச்சேன். அம்மாவுக்கு கரெக்டரும் உதட்டுக்கு மெரூனும் மட்டும். என் ஷேட் அவங்களுக்குச் சேரல, அதனால விட்டுட்டேன். புருவத்துக்கு மட்டும் பழுப்பு தொட்டு விட்டேன். அம்மா கண்ணாடியை என் கையில இருந்து வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க.

ஹோமப் புகை எதிர்பார்த்ததை விட அதிகம். டிஷ்யூ முக்கோணம் மூணு செலவாச்சு. கண்ணு கரையவே இல்ல அக்கா. விளக்குச் சூட்டுல மேலுதடு வேர்த்துச்சு, ஒத்தி எடுத்துட்டேன். முடிச்சு போடக் குனியும்போது கை நடுங்கிச்சு, மேக்கப் நினைப்பே வரல.

நேத்து போட்டோக்காரர் 600 படம் அனுப்பினார். மூணாவது முடிச்சு போடுற படத்துல பொண்ணு கழுத்து, என் கை, என் முகம், தம்பி சிரிப்பு எல்லாம் ஒரே சட்டத்துல வந்திருக்கு. என் முகமும் கழுத்தும் கையும் ஒரே நிறம். அந்தப் படத்தை அம்மா ஃப்ரேம் போடச் சொல்லிட்டாங்க, ஹால்ல டிவிக்கு மேல மாட்டணுமாம்.

ஃபவுண்டேஷன் டப்பா இன்னும் முக்கால்வாசி இருக்கு. தை மாசம் சித்தி பொண்ணு குழந்தைக்குக் காது குத்து. நான்தான் அவளுக்குப் போட்டு விடணும்னு இப்பவே சொல்லிட்டா. என்னை விட ரெண்டு படி கருப்பு அவ. ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், பவுடர் போடாம வரச் சொல்லியிருக்கேன்.